கீழ்க்கரை போட்டவங்களுக்கு

ஏகாம்பரநாதர் துணை

பிள்ளையார்பாளையம்,
ஆவணி 3, புதன்கிழமை.

மரியாதைக்குரிய பெரிய மச்சான் திருஞானசம்பந்தம் அவர்களின் சமூகத்துக்கு, காஞ்சிபுரத்திலிருந்து உங்கள் தங்கை புருஷன் தணிகாசலம் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம். அப்படி எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். ஆரணியில் நீங்களும் அக்காவும் நிஜமாகவே சௌக்கியமாக இருக்க அம்மன் அருள்வாளாக. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது என்பதை அடுத்த கடிதத்தில் விசாரிக்கிறேன், இந்தக் கடிதத்தில் இடம் இருக்காது.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். தபால் இலாகாவில் முப்பது வருடம் இருந்த உங்களுக்குத் தபாலில் எழுதுவதுதான் மரியாதை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், என் வீட்டில் போன் பேசினால் நாலு பேர் கேட்கிறார்கள், உங்கள் வீட்டில் நீங்கள் எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவீர்கள், தெருவே கேட்கும். விஷயம் அப்படிப்பட்டது. சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை கமலாட்சி ரிடையர் ஆகிவிட்டாள்.

ஆடி இருபதாம் தேதி காலையில் கைத்தறிக் கணக்கெடுப்புக்கு ஒரு பெண் வந்தது. கழுத்தில் அட்டை, கையில் சிலேட்டு அளவுக்கு ஒரு போன். நல்ல பெண், செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வந்தது. தறி எத்தனை என்றது, ஒன்று என்றேன். நெய்யறவர் பேர் என்றது, தணிகாசலம் என்றேன். என் பக்கத்தில் கரை இழை ஓட்டுகிற நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கமலாட்சியைக் காட்டி, "இவங்க?" என்றது. "வூட்டுக்காரம்மா. சும்மா கூட உக்காந்துக்கினு இருக்கா" என்றேன். அது எதையோ தட்டிக்கொண்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டது. இதற்கும் பின்னால் நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எதையும் வரிசையாகச் சொல்வது என் பழக்கம், அதனால் இதையும் எழுதினேன்.

அன்று மதியம் சாப்பாட்டுக்கு எழுந்தவள், நாடாவைப் பலகைமேல் வைத்தாள், கையைக் கழுவினாள், எனக்கும் அப்பாவுக்கும் சோறு போட்டாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு அறுபது முடிஞ்சிடிச்சி. கவர்மெண்டுலயே அறுபதுல அனுப்பிடறாங்க. நாளையிலருந்து நான் தறியில உக்கார மாட்டேன்." நான் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். என் அப்பா கலியன் மட்டும் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "எனக்கு எம்பத்தேழு ஆவுதே, எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லியே" என்றார். அவர் கவலை அவருக்கு.

மச்சான், நீங்கள் தறியை விட்டு நாற்பது வருடம் ஆகிறது, மறந்திருப்பீர்கள், அதனால் சொல்கிறேன். எங்களுடையது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நான் உடல் நாடாவையும் என் இடதுபக்கக் கரை நாடாவையும் எறிய, வலதுபக்கம் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பக்கத்துக் கரை நாடாவை எறிந்து என் இழையோடு கோத்து வாங்கவேண்டும். இரண்டு பேர் இல்லாமல் ஒரு விரல்கடை கூட நகராது. முப்பத்தாறு வருடமாக வலதுபக்கம் கமலாட்சிதான். இப்போது தறியில் பாதிப் புடவை நிற்கிறது. ஆவணி இருபத்தைந்தில் முகூர்த்தம், கல்யாணப் பெண் கட்டவேண்டிய புடவை. கடைக்காரர் தினம் காலையில் போன் செய்து, "ஆய்க்கினு இருக்குதா?" என்கிறார். ஆய்க்கினு இருக்குது என்கிறேன். பெருமாள் கோயில் தங்கப் பல்லி தோற்றது, அவ்வளவு அசையாமல் இருக்கிறது தறி.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். முதலில் அப்பாவை உட்காரவைத்தேன். அவர் காலத்தில் அவர் கையை அடிக்க ஆள் இல்லை. நாலு தடவை நாடா எறிந்தார், ஐந்தாவதற்குக் காத்திருந்தேன், வரவில்லை. பார்த்தால் நாடாவை மார்போடு அணைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். "நா ரிடையர்டு" என்றார். அடுத்து ஞாயிற்றுக்கிழமை என் மகன் தினகரனைப் பிடித்தேன். அவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறவன். உட்கார்ந்ததும் நாடாவை எடுப்பதற்குமுன் போனை எடுத்து, நான் ஒரு இழை போட எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தான். அரைமணிநேரம் அளந்துவிட்டு, "அப்பா, அம்மா இல்லாம உன் லைன் நிக்குது. எங்க கம்பெனியா இருந்தா இந்நேரம் மேனேஜர கூப்பிட்டு கேட்டிருப்பாங்க, அந்த ஆளு ஏன் போனாருன்னு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். படித்த பிள்ளை. ஏன் போனாள் என்பதுதான் தெரிகிறதே, அறுபது ஆகிவிட்டது.

கடைசியாக மருமகள் நதியாவைக் கேட்டேன். அவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள். "மாமா, அத்தை நோட்டீஸ் பீரியட் குடுத்தாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "போறப்போ ஏன் போறீங்கன்னு நீங்க கேட்டீங்களா?" என்றாள். அதையும் கேட்கவில்லை. அதற்கு அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மாமியாரும் மருமகளும் ஒரே கட்சி ஆகிவிட்ட வீட்டில் ஆம்பளைக்கு அடுக்களையில் தண்ணீர்கூடக் கேட்டுத்தான் குடிக்கவேண்டியிருக்கிறது.

ரிடையர் ஆனவள் வீட்டில் படுத்துக் கிடந்தால் நானும் சரி போகட்டும் என்று விட்டிருப்பேன். தினமும் பத்து மணிக்குக் கிளம்புகிறாள். ஒரு மணிக்கு வருகிறாள். எங்கே என்றால் "தோ, இங்கதான்" என்கிறாள். அதுவும் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு. நம் வீட்டில் இருக்கிற ஒரே பட்டு உங்களுக்குத் தெரியும், மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, கரை முழுக்க அன்னம். பதினாறு வருடத்துக்கு முன்னால் தறியில் ஏற்றிய ஒரே பாவு நூலில் மூன்று புடவை நெய்ததில் மூன்றாவது. ஒரு சாண் கோர்வை பிசகிவிட்டதென்று கடையில் திருப்பிவிட்டார்கள், அவளுக்கு ஆயிற்று. கல்யாணம் காதுகுத்துக்குத் தவிர அதை வெளியில் எடுக்காதவள் தினம் கட்டுகிறாள். ஒருநாள் அவள் குளிக்கப் போனபோது பையைத் திறந்து பார்த்தேன், தப்புதான். உள்ளே ஒரு பேனா, ஒரு கண்ணாடி, ஒரு பசை டப்பா. மச்சான், அறுபது வயதுப் பெண்பிள்ளைக்குப் பசை எதற்கு? இரண்டு நாளாக வேறு யோசனையே ஓடவில்லை. போதாததற்கு அவள் போட்டோ ஸ்டுடியோவிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்ததாகப் பால்காரர் சொன்னார். அப்பா மட்டும் கண்ணை மூடியபடியே, "சோழியன் குடுமி சும்மா ஆடுமா" என்றார். மேற்கொண்டு கேட்டால் தூங்கிவிடுகிறார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முப்பத்தாறு வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் தறியில் நீட்டிய பாவு நூலையே பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பினால் அவளுடைய இடது கன்னம்தான் தெரியும். இப்போது சாப்பிடும்போது எதிரில் உட்கார்கிறாள். அவளுடைய வலது கன்னத்தில் காதுக்குக் கொஞ்சம் கீழே ஒரு மச்சம் இருக்கிறது. இது பிறந்ததிலிருந்தே இருக்கிறதா, நடுவில் வந்ததா? கூடப் பிறந்த உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவளிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சரி, நேற்று முன்தினம் திங்கட்கிழமை நடந்ததற்கு வருகிறேன். இதைப் படித்துவிட்டுச் சிரிக்கக்கூடாது. எங்கேதான் போகிறாள் என்று பார்த்துவிடலாமென்று அவள் பின்னாலேயே கிளம்பினேன். வாசலில் அப்பா, "எங்கடா?" என்று நிறுத்தினார். தோ, இங்கதான் என்று சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு வருவதற்குள் ஆளைக் காணோம். வேகவேகமாக நடந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டேன். அங்கே கூட்டத்தில் மாம்பழ மஞ்சளும் அரக்கும் அன்னமும் ஒரு பஸ்ஸில் ஏறியது. நானும் பின்வாசலில் ஏறினேன். முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற வழக்கம் எனக்கு இல்லை, நம் தொழில் அப்படி. என் புடவையை முதுகுப்பக்கம் பார்த்தால் போதும். பஸ் காஞ்சிபுரத்தைத் தாண்டியது. சுங்குவார்சத்திரத்தில் புடவை இறங்கியது, நானும் இறங்கினேன். புடவை நேராக ஒரு கல்யாண மண்டபத்துக்குள் போனது.

வாசலில் பன்னீர் தெளித்து, "பொண்ணு வூடா, மாப்ள வூடா?" என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை, புடவைக்குப் பின்னால் வந்தேன் என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன். ஏதோ ஒரு வீட்டுக் கணக்கில் என்னை உள்ளே விட்டுவிட்டார்கள். நிச்சயதார்த்தம். முன்வரிசையில் புடவை உட்கார்ந்தது. நான் பக்கவாட்டில் போய் நின்று முகத்தைப் பார்த்தேன். கமலாட்சி இல்லை. நாற்பது வயதுப் பெண், யாரோ. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்தப் பாவில் நெய்த மூன்றில் இரண்டு விலைபோயிற்றே, அதில் ஒன்றின் பின்னால் வந்திருக்கிறேன்.

உடனே திரும்பி வந்திருக்கவேண்டும், புத்தி இருக்கிறவன் வந்திருப்பான். எனக்குக் கால் வரவில்லை. ஐம்பது வருடமாக நெய்கிறேன், என் கையைவிட்டுப் போன புடவையைத் திரும்பப் பார்த்ததே இல்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அப்பன் முதல்தடவை போனமாதிரி இருந்தது. கரை எப்படி இருக்கிறது, சாயம் நின்றிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ரொம்ப நேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. வெள்ளை வேட்டி சட்டையில் அந்தப் பெண்ணின் புருஷன் வந்து தோளில் கை போட்டார். கை கனமாக இருந்தது. "யாருபா நீ? அப்போலேருந்து எங்க வூட்டு பொம்பளையவே பாத்துக்கினு இருக்கே?" என்றார். "நான் புடவையத்தாங்க பாத்தேன்" என்றேன். "எல்லாரும் அப்டித்தான் சொல்லுவானுங்க" என்றார்.

ஆள் சேர்ந்துவிட்டது. அறுபத்துநாலு வயதில் நிச்சயதார்த்த மண்டபத்தில் உதைபட்டுச் செத்தான் என்று ஊரில் பேசுவார்களே என்ற பயத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. "ஐயா, இது நான் நெய்த புடவை. முந்தியில ரெண்டாவது வரிசையில மூணாவது அன்னத்துக்குக் கண்ணு இருக்காது, பாருங்க" என்றேன். விலைபோன இரண்டில் ஒன்று தறியில் இருந்தபோது தினகரனுடைய பிளஸ் டூ ரிசல்ட் வந்தது, பிள்ளை பாஸ் என்ற சந்தோஷத்தில் ஒரு கண்ணை விட்டுவிட்டேன். கடைக்காரர்கூடக் கவனிக்கவில்லை. இது அந்த ஒன்றாக இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். அந்தப் பெண் முந்தியை விரித்தது. பத்துப் பெண்கள் குனிந்து எண்ணினார்கள். மூன்றாவது அன்னம் குருடு. அப்புறம் எனக்குக் கிடைத்த மரியாதையைக் கேட்காதீர்கள். நாற்காலி, காபி, முதல் பந்தி. தோளில் கை போட்டவரே எனக்குப் பாயசம் ஊற்றினார்.

அதோடு நின்றிருக்கலாம். மண்டபத்தில் இருந்த பெண்களெல்லாம் வரிசையாக வந்து, "பெரியவரே, என்து கைத்தறிதானா பாருங்க" என்று முந்தியை நீட்டினார்கள். நான் பொய் சொல்லிப் பழகாதவன். ஒரு புடவையைத் தடவிப் பார்த்து, இது தறியைக் கண்ணால்கூடப் பார்க்காத புடவை என்று சொல்லிவிட்டேன். அது மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொண்டுவந்த நிச்சயதார்த்தப் புடவை. எனக்கு எப்படித் தெரியும் மச்சான்? பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம் எழுந்து நின்றார்கள். நான் கைகழுவப் போகிறமாதிரி போய்விட்டேன்.

வாசலில் அந்தப் பெண் ஓடிவந்து பிடித்துக்கொண்டது. அது அதனுடைய கல்யாணப் புடவையாம். பதினாறு வருடமாக எல்லா விசேஷத்துக்கும் அதைத்தான் கட்டுகிறதாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எப்படி உழைக்கிறது என்று கேட்டேன். "கீழ்க்கரை அப்டியே இருக்குதுங்க, ஒரு நூலு நகரல. இடுப்புல சொருவற கரைதான் ரெண்டு எடத்துல வுட்டுக்கினு வந்துச்சி, தெச்சிக்கினேன்" என்றது. அந்தப் புடவையில் கீழ்க்கரை விழுந்தது தறியின் வலதுபக்கம். இடுப்பில் சொருகுகிற கரைதான் என் பக்கம். ஊர் பார்க்கிற கரையை இத்தனை வருடமாக உங்கள் தங்கைதான் போட்டிருக்கிறாள். சொருகினால் இழுபடத்தானே செய்யும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது எனக்கே ஒட்டவில்லை.

"தனியாவா நெய்யறீங்க? கூட யாரு?" என்று அந்தப் பெண் கேட்டது. கணக்கெடுக்க வந்த பெண்ணுக்குச் சொன்ன பதில்தான் வாய்வரைக்கும் வந்தது. ஏனோ சொல்ல வரவில்லை. "கீழ்க்கரை எங்க வூட்ல போட்டது" என்றேன். அது உள்ளே போய் இரண்டு தாம்பூலப் பை கொண்டுவந்தது. "ஒண்ணு ஒங்களுக்கு. ஒண்ணு கீழ்க்கரை போட்டவங்களுக்கு. அவங்களையும் இட்டுக்கினு வந்திருக்கலாம் இல்ல?" என்றது.

இப்போது என் கஷ்டம் என்னவென்றால், அந்தப் பையைக் கமலாட்சியிடம் கொடுக்கவேண்டும். கொடுத்தால் எங்கே கிடைத்தது என்பாள். சுங்குவார்சத்திரம் என்றால் அங்கே எதற்குப் போனாய் என்பாள். உன் பின்னால் வந்தேன் என்றால் பின்னால் வந்தவன் அங்கே எப்படிப் போனாய் என்பாள். யாரோ ஒரு பெண்பிள்ளையின் முதுகை வைத்துப் பொண்டாட்டி என்று நினைத்தேன் என்று சொல்லிவிட்டு ஒரே வீட்டில் எப்படிச் சோறு தின்பது? பையைத் தறிக்குழிக்குள் ஒளித்துவைத்திருக்கிறேன். கால் வைக்கிற போதெல்லாம் தேங்காய் இடறுகிறது.

ஆகவே பெரிய மனது பண்ணி வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நடை வரவும். மூத்தவர் என்ற முறையில் உங்கள் தங்கையிடம் இதமாகப் பேசி, முதலாவது, அவளை மறுபடி தறியில் உட்காரவைக்கவேண்டும், முகூர்த்தப் புடவை நிற்கிறது. இரண்டாவது, அவள் தினம் எங்கே போகிறாள் என்று கேட்டு எனக்குச் சொல்லவேண்டும். இதில் ஒன்றுதான் முடியுமென்றால் இரண்டாவதை முதலில் செய்யவும். முதலாவது முடியாமல்கூட நாலு நாள் இருந்துவிடுவேன், இரண்டாவது தெரியாமல் தூக்கம் வரவில்லை. பக்கத்து இடம் காலியாக இருக்கிறது மச்சான், அதுவும் நன்றாக இல்லை.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் அப்பாவின் ஆசிகளையும் தெரிவிக்கவும். அவர் தூக்கத்திலேயே சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் பணிவுள்ள,
த. க. தணிகாசலம்.

பின்குறிப்பு (ஆவணி 12): வரவேண்டாம். தபால் தலை வாங்கிவரச் சொல்லி இந்தக் கடிதத்தை நதியாவிடம் கொடுத்தது என் தப்பு. இன்றுதான் திருப்பிக் கொடுத்தாள், தலை வாங்க ஒன்பது நாள் ஆகிறது என்றால் நீங்களே யோசியுங்கள். இதற்கிடையில் வியாழக்கிழமையே பைக்குள் அழுகின வெற்றிலை வாசம் காட்டிக்கொடுத்துவிட்டது. கமலாட்சி குழிக்குள் இறங்கிப் பையை எடுத்து வந்து என் எதிரில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், முதுகு விஷயம் உள்பட. அவள் பையிலிருந்து தேங்காயை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அப்புறம், "கீழ்க்கரை போட்டவங்களுக்குன்னா குடுத்தாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "இன்னொரு தபா சொல்லு" என்றாள். சொன்னேன். சும்மா உட்கார்ந்திருந்தாய் என்று சொன்னது தப்பு என்பதையும் சொன்னேன். அது யாரும் கேட்காமலே வந்துவிட்டது.

அவள் போனது கைத்தறி ஆபீசுக்கு. நெசவாளி என்று தன் பேரில் தனி அட்டை கேட்டு அலைந்திருக்கிறாள். பசை, விண்ணப்பத்தில் போட்டோ ஒட்ட. கம்ப்யூட்டர் வேலையெல்லாம் நதியா. "வேல தெரியும்னு எப்டி நம்பறதுன்னு கேட்டாங்க. அதான் கட்டிக்கினு போனேன்" என்றாள் புடவையைப் பற்றி. பிசகின அந்த ஒரு சாணை ஆபீசில் காட்டி, இது எங்க வூட்டுக்காரர் பக்கம் என்றும் சொல்லியிருக்கிறாள். அதுவும் நிஜம்தான், அவள் பக்கம் என்று நான்தான் பதினாறு வருடமாகச் சொல்லிவந்தேன்.

தறியில் உட்கார்ந்திருக்கிறமாதிரி போட்டோ வேண்டும் என்றார்கள். அதற்காக அவள் என் இடத்தில் உட்கார்ந்தாள், நான் அவள் இடத்தில். எடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. புடவையின் மறுபாதி அப்படியே போகிறது, முகூர்த்தத்துக்கு முன்னால் இறங்கிவிடும். வலதுபக்க நாடா லேசு என்று நினைத்திருந்தேன். முதல் நாள் எட்டு முறை அவிழ்த்துப் போடச் சொன்னாள். இன்று காலை அதே கணக்கெடுப்புப் பெண் சரிபார்க்க மறுபடி வந்தது. நெய்யறவர் பேர் என்றது, கமலாட்சி என்றாள். "அப்போ ஐயா?" என்று என்னைக் காட்டிக் கேட்டது.

"அவரா? சும்மா கூட உக்காந்துக்கினு இருக்காரு" என்றாள்.

நான் என் நாடாவை எறிந்தேன். இந்தப் பக்கத்திலிருந்து திரும்பினால் அவளுடைய வலது கன்னம் தெரிகிறது. அவள் சிரித்தபோது மச்சம் கொஞ்சம் மேலே ஏறி இறங்கியது. நீங்கள் சிரமப்பட்டு நேரில் வரவேண்டாம், அது பிறந்ததிலிருந்தே இருக்கிறதா என்பதை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடவும்.